சூடானால் ஸ்டார்ட் ஆகாத காமன் ரெயில் டீசல் வண்டி: கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

காலையில் சாவியைத் திருகியதும் வண்டி பிடித்துவிடும். லோடு ஏற்றி ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்தினால், செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. நன்றாக ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா போன்ற காமன் ரெயில் டீசல் வண்டிகளில் இந்தப் புகார் வந்தால் முதலில் ஃபில்டர், அடுத்து பேட்டரி, கடைசியில் பம்ப் என்று வரிசையாக மாற்றிப் பார்ப்பவர்கள் அதிகம். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள், அதையும் வண்டி அடம்பிடிக்கும் அந்தச் சூட்டிலேயே செய்யுங்கள். ஆறின வண்டியில் எல்லாமே சரியாகத்தான் காட்டும்.

சூட்டில் மட்டும் ஏன்?

ரெயில் என்பது பம்ப் அழுத்தித் தள்ளும் டீசல் தங்கும் பொதுக் குழாய்; அங்கிருந்துதான் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும். ரெயிலுக்குள் அழுத்தம் ஒரு அளவை எட்டும் வரை இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்ஜெக்டரைத் திறக்காது. பல வண்டிகளில் அந்த அளவு சுமார் 200 முதல் 250 பார். செல்ஃப் சுற்றும்போது இன்ஜின் வேகம் 200 ஆர்.பி.எம். பக்கம்தான் இருக்கும் என்பதால் பம்ப் தள்ளும் டீசலும் கொஞ்சம்தான். டீசல் சூடானால் இளகிவிடும். பம்ப்பிலோ இன்ஜெக்டரிலோ தேய்மானம் இருந்தால், ஆறின டீசல் தாங்கி நின்ற இடுக்கு வழியாகச் சூடான டீசல் ரிட்டர்னுக்கு (மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் வழிக்கு) நழுவிவிடும், ரெயிலில் அழுத்தம் ஏறாது. ஓட்டத்தில் பம்ப் வேகமாகச் சுற்றி அந்தக் கசிவை ஈடுகட்டிவிடும். அதனால் வண்டியின் இழுவையில் குறையே தெரியாமல் போகலாம். மண்ணெண்ணெய் கலந்த டீசல் ஊற்றிய வண்டிகளில் பம்ப் சீக்கிரம் தேய்வதற்குக் காரணம், அதில் வழவழப்பு போதாது.

இன்னொன்று: இன்ஜினை அணைத்ததும் கூலன்ட் ஓட்டம் நின்றுவிடும். அடுத்த 10, 15 நிமிடங்களில் பிளாக்கின் சூடு சுற்றியுள்ள பாகங்களில் இறங்கும். ஓட்டத்தில் இருந்ததைவிட அப்போதுதான் சென்சார்கள் அதிகமாகச் சூடாகும், பழுதான சென்சார் அந்தச் சூட்டில் வேலை செய்யாமல் போகலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் செய்வது போல, இன்ஜின் ஓடும்போது நாசில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வேலை இங்கே கூடவே கூடாது. ஓட்டத்தில் ரெயில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி லேசாகத்தான் இருக்கும், ஆனால் உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலே போகலாம். கீழே சொல்லும் சோதனைகள் எதற்கும் ஹை பிரஷர் பைப்பைத் தொட வேண்டியதில்லை.

தேவையானவை: மல்டிமீட்டர், லைவ் டேட்டா (இ.சி.யு. அந்த நேரத்தில் படிக்கும் அளவுகள்) காட்டும் ஸ்கேனர், இன்ஜெக்டர் எத்தனையோ அத்தனை ஒரே அளவு பாட்டில்கள், ஒரே நீளத்தில் வெட்டிய டிரான்ஸ்பரன்ட் ட்யூப்கள், பழைய துணி.

படி 1: செல்ஃப் வேகம்

சூட்டில் பிடிக்காத நேரத்தில் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்து செல்ஃப் அடியுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். இறங்கவில்லை, ஆனாலும் சுற்று மந்தம் என்றால், ஒரு புரோபை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து மறுபடி சுற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் குறை. எர்த்தும் சரி என்றால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம், நடுவில் அரை நிமிடமாவது விடுங்கள்.

படி 2: ஸ்கேனரில் ஆர்.பி.எம்.

செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம். 200 பக்கம் வந்தால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றும் வேகத்தை இ.சி.யு.வுக்குச் சொல்லும் சென்சார்) வேலை செய்கிறது. இன்ஜின் சுற்றியும் 0 காட்டினாலோ, பி0335 என்ற ஃபால்ட் கோடு (அந்தச் சென்சாரின் கோளாறு எண்) விழுந்திருந்தாலோ சந்தேகம் அந்தச் சென்சார், அதன் வயர், கனெக்டர் மூன்றின் மேலும் விழ வேண்டும். சென்சாரைக் கழற்றி முனையைப் பாருங்கள். இரும்புத்தூள் அப்பியிருந்தால் துடைத்துவிடுங்கள்.

இரண்டு பின் காயில் சென்சாராக இருந்தால் ஓம்ஸ் பார்க்கலாம். உதாரணமாக, ஆறின நிலையில் 860 ஓம்ஸ் காட்டும் சென்சார் 90 டிகிரியில் ஏறக்குறைய 1,100 வரை ஏறும், அது இயல்புதான். மீட்டரை மாட்டியபடியே ஹேர் ட்ரையரால் சூடாக்குங்கள். எண் மெதுவாக ஏறினால் நல்லது; திடீரென்று ஓப்பன் ஆனால் (காயில் அறுந்தது போல மீட்டர் காட்டினால்) குற்றவாளி அதுதான். மூன்று பின் உள்ள ஹால் சென்சாரை ஓம்ஸ் வைத்துச் சோதிக்கக் கூடாது, மீட்டரின் கரன்ட் அதைக் கெடுக்கலாம்.

படி 3: ரெயில் அழுத்தம்

முடிவைச் சொல்லும் படி இதுதான். வண்டியை நிறுத்திச் சில நிமிடம் கழித்து, சாவி ஆன் மட்டும் போட்டு ரெயில் பிரஷரைப் படியுங்கள். கிட்டத்தட்ட 0 வர வேண்டும். நிறுத்தி இவ்வளவு நேரமாகியும் 50, 60 பார் காட்டினால் பிரஷர் சென்சார் பொய் சொல்கிறது. பல வண்டிகளில் அதன் சிக்னல் வயரில் இந்த நிலையில் 0.5 வோல்ட் இருக்கும்.

பிறகு செல்ஃப் அடியுங்கள். ஓரிரு விநாடியில் 200-ஐத் தாண்டியும் பிடிக்கவில்லை என்றால் டீசல் அழுத்தத்தில் பிரச்சினை இல்லை. கேம் சென்சாரையும் (கேம் ஷாஃப்டின் நிலையைச் சொல்வது) இன்ஜெக்டர் வயரிங்கையும் பாருங்கள். 80, 100, 120 என்று தவழ்ந்து நின்றுவிட்டால் எங்கோ கசிகிறது. ஸ்கேனர் இல்லாதவர்களுக்கும் ஒரு குறிப்பு கிடைக்கும்: சரிவில் உருட்டி கியர் போட்டால் உடனே பிடிக்கிற வண்டியில் பெரும்பாலும் சென்சார் நன்றாக இருக்கும். செல்ஃப் மந்தமாக இருக்கலாம், இல்லையென்றால் கசிவு.

படி 4: கசிவு எங்கே?

இன்ஜெக்டர் ரிட்டர்ன் ஹோஸ்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு ட்யூப் மாட்டி பாட்டிலுக்குள் விடுங்கள். கழற்றிய ரிட்டர்ன் லைனின் வாயை அடைக்க மறக்காதீர்கள், பம்ப் ரிட்டர்ன் அந்த வழியாகக் கொட்டும். சூட்டோடு 10 விநாடி செல்ஃப் அடியுங்கள். நல்ல இன்ஜெக்டரில் ஓரிரு சொட்டு வந்தாலே அதிகம். ஒன்றில் மட்டும் டீசல் ஒழுகி ட்யூபில் ஏறினால் ஆள் அகப்பட்டுவிட்டது. வண்டி பிடித்துவிட்டால் இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு பாட்டில்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். மற்றவற்றைவிட இரண்டு, மூன்று மடங்கு நிறைந்திருப்பது தேய்ந்த இன்ஜெக்டர். பீசோ இன்ஜெக்டர் (காயிலுக்குப் பதில் பீசோ படிகத்தால் திறக்கும் வகை) வண்டியில் ரிட்டர்ன் லைனைத் திறந்துவிட்டு இப்படிச் சோதிக்கக் கூடாது, அதற்கு ரிட்டர்னிலும் அழுத்தம் தேவை.

ரெயிலின் முனையில் உள்ள வால்வின் ரிட்டர்னையும் இப்படியே பாருங்கள். அது வெறும் லிமிட்டர் வால்வு (அழுத்தம் எல்லை மீறினால் மட்டும் திறப்பது) என்றால் சொட்டுகூட வரக் கூடாது.

இரண்டும் காய்ந்திருக்கிறது, அழுத்தம் மட்டும் ஏறவில்லை என்றால் மிச்சம் பம்ப்தான். முடிவு கட்டுவதற்கு முன் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே டிரான்ஸ்பரன்ட் ட்யூப் போட்டு ஏர் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஏர் இழுக்கும் வண்டி இரவெல்லாம் நின்றபின் காலையிலும் மக்கர் செய்யும். உங்கள் வண்டி காலையில் நன்றாகப் பிடிக்கிறது என்றால் இதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்து ஈரத்துணி. நன்றாக நனைத்து பம்ப் மேல் மட்டும் பத்து நிமிடம் போர்த்துங்கள். கனெக்டரில் தண்ணீர் படக் கூடாது. பக்கெட் தண்ணீரைச் சூடான இன்ஜின் மேல் கொட்டவும் கூடாது. இதற்குப் பிறகு ரெயில் அழுத்தம் சட்டென்று ஏறி வண்டி பிடித்தால் பம்ப்பின் உள்தேய்மானம் ஏறக்குறைய உறுதி. சென்சாரையும் சேர்த்துக் குளிரவைத்தால் எது சரியானது என்றே தெரியாது, ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும்.

சிலர் டீசலில் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) ஊற்றி ஓட்டுவார்கள். டீசல் கொஞ்சம் கெட்டியாகிக் கசிவு குறைவது போலத் தெரியலாம், தேய்ந்தது தேய்ந்ததுதான். ஈதர் ஸ்ப்ரே அடிப்பது அதைவிட மோசம். ஹீட்டர் பிளக் சூடாக இருந்தால் இன்டேக்கிலேயே வெடிக்கும்.

இன்ஜெக்டர் மாற்றும்போது அடியில் உள்ள காப்பர் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், அது உட்காரும் இடத்தின் கரியைச் சுத்தமாக எடுங்கள். போஷ் இன்ஜெக்டர்கள் பலவற்றின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த 7 இலக்கக் குறியீடு பொறித்திருக்கும்; அந்த இன்ஜெக்டருக்கு எவ்வளவு திருத்தம் தேவை என்று இ.சி.யு.வுக்குச் சொல்வது அதுதான். மாட்டி முடித்தபின் அது தெரியாத வண்டிகளும் உண்டு என்பதால், மாட்டுவதற்கு முன்பே எந்தச் சிலிண்டருக்கு எது என்று ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்கேனர் வழியாக இ.சி.யு.வில் ஏற்றுங்கள்.