ரீஃப் டேங்க் தண்ணீர்: பவளத்தைக் கொல்லும் தவறுகள்

ரீஃப் டேங்க் எனும் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பவளத்தின் நுனி வெளுத்தாலோ சதை உரிந்தாலோ நம் கை முதலில் போவது தாதுக் கரைசல் ஊற்றும் டோசிங் பாட்டிலுக்குத்தான். பெரும்பாலான இழப்புகள் அந்த அவசரத்தில் நடக்கின்றன. கேஹெச் (தண்ணீரின் கார்பனேட் காரத்தன்மை) 7.5 இருந்தாலும் பவளம் வளரும், 9 இருந்தாலும் வளரும். திங்கட்கிழமை 7.5, புதன்கிழமை 9.5 என்று ஆடினால்தான் அக்ரோபோரா போன்ற கல் பவளங்கள் தாங்காது. அதனால் எண் சரியா என்று பார்க்கும் முன், அது நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள்.

பொதுவாக எல்லோரும் பிடிக்கும் அளவுகள் இவை: உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் இத்தனை பங்கு), கேஹெச் 7.5 முதல் 9, கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மக்னீசியம் 1250 முதல் 1350, நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1.

உப்பைச் சரிபார்க்காமல் மற்றதைத் திருத்துவது

மற்ற எல்லா அளவும் உப்பைத் தொட்டுத்தான் நிற்கிறது. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 35 காட்டுகிறது, உண்மையில் தண்ணீர் 31 தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 420 இருக்க வேண்டிய கால்சியம் 372 என்று வரும், 1290 இருக்க வேண்டிய மக்னீசியம் 1143 என்று வரும். இரண்டையும் ஊற்றி ஏற்றிவிட்டு, பிறகு உப்பைச் சரிசெய்தால் எல்லாமே எகிறி நிற்கும்.

ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதும் என்பது தவறு. பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35-இல் இரண்டு மூன்று பிபிடி தள்ளிக் காட்டலாம். 35 பிபிடி திரவம் சின்ன பாட்டிலில் விற்கிறார்கள். அதில் இரண்டு சொட்டு விட்டு, அரை நிமிடம் கழித்து, திருகைச் சரிசெய்யுங்கள். ஊசி ஆடும் ஹைட்ரோமீட்டரில் ஊசியில் ஒட்டும் ஒரு காற்றுக் குமிழ்கூட அளவை ஏற்றிக் காட்டும்.

ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மே மாதத்தில் மின்விசிறி வைத்துத் தொட்டியைக் குளிர்விக்கும் வீடுகளில் இது இன்னும் மோசம். மொத்தம் 200 லிட்டர் உள்ள அமைப்பில் நாளுக்கு 5 லிட்டர் போகிறது, மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டீர்கள் என்றால் 35 இருந்தது கிட்டத்தட்ட 38 ஆகியிருக்கும். திரும்பி வந்ததும் 15 லிட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். நாளுக்கு 1 பிபிடி வீதம் இறக்குங்கள். சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டும் தொட்டி) தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் அறையில்தான் மட்டம் இறங்கும். ஒரு கோடு போட்டு வையுங்கள், அல்லது குறைந்ததைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் வையுங்கள்.

சமையலறை ஆர்ஓ, கேன் தண்ணீர், கடல் தண்ணீர்

வீட்டு ஆர்ஓ கருவி குடிக்கச் செய்தது. சுவைக்காக டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) அட்ஜஸ்டரோ மினரல் கார்ட்ரிட்ஜோ வைத்து உப்புகளைத் திரும்பச் சேர்க்கும். கேன் தண்ணீரிலும் பெரும்பாலும் இதே கதைதான். போர் தண்ணீர் 1200 டிடிஎஸ் என்றால், 95 முதல் 98 சதவீதம் வடிகட்டும் நல்ல மெம்பிரேன்கூட 24 முதல் 60 வரை விட்டுவிடும். அதற்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ ரெசின் வேண்டும். வெளியே வரும் தண்ணீர் மீட்டரில் 0 காட்ட வேண்டும். 1, 2 என்று ஏறத் தொடங்கினால் ரெசினை மாற்றுங்கள். கருவியை இயக்கியதும் முதல் ஓரிரு லிட்டரில் டிடிஎஸ் அதிகமாக இருக்கும், அதைப் பாத்திரம் கழுவ விட்டுவிடலாம். குழாய் வழியில் பித்தளை இணைப்பு இருக்கக் கூடாது. செம்பு இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் நஞ்சு.

கடற்கரைத் தண்ணீர் இலவசம் என்று கொண்டுவருபவர்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் ஆறுகளும் கழிவுக் கால்வாய்களும் கலப்பதால் சென்னைக் கரையோரக் கடலின் உப்பு நன்றாகவே இறங்கிவிடும். சாக்கடைச் சத்துகள் கூடவே வரும். கல்லும் எடுத்து வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்: இந்தியாவில் கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.

செயற்கை உப்பைத் தண்ணீரில் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் அந்த அடர்த்தியில் கால்சியம் வெள்ளைப் பொடியாகப் பிரிந்து அடியில் தங்கும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் திறந்து வைத்த உப்பு கட்டிதட்டும். அதைக் கரைத்தால் கேஹெச் குறைந்தே வரும். தண்ணீர் மாற்றும் முன் புது தண்ணீரின் கேஹெச்சையும் பாருங்கள். தொட்டி 8, புது தண்ணீர் 11 என்றால் 30 சதவீதம் மாற்றும்போது ஒரே மணி நேரத்தில் 8.9 ஆகும். 10 சதவீதம் மாற்றினால் 8.3 தான்.

கணக்குப் போடாமல் கேஹெச் ஏற்றுவது

பவளம் எலும்பு கட்டும்போது கேஹெச்சையும் கால்சியத்தையும் ஒரே விகிதத்தில் எடுத்துக்கொள்கிறது: 1 கேஹெச் குறைந்தால் கால்சியம் சுமார் 7 பிபிஎம் குறையும். கேஹெச்சின் கையிருப்பு சிறியது என்பதால் ஆட்டம் முதலில் அங்கேதான் தெரியும். பாட்டிலில் எழுதியிருக்கும் அளவை அப்படியே ஊற்றாமல், உங்கள் தொட்டி எவ்வளவு குடிக்கிறது என்று பாருங்கள்.

இரண்டு நாள் எதுவும் ஊற்றாமல், தினமும் ஒரே நேரத்தில் அளங்கள். 8.4 இருந்தது 7.8 ஆனால் நாளுக்கு 0.3 போகிறது. கல், மணல் போக உண்மையான தண்ணீர் 170 லிட்டர் என்று வைப்போம். 100 லிட்டரில் 1 கேஹெச் ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். அப்படியானால் நாளுக்கு 1.5 கிராம். லிட்டருக்கு 60 கிராம் என்று ஆர்ஓ-டிஐ தண்ணீரில் கரைத்து வைத்தால் 25 மில்லி. இணையான கால்சியத்துக்குக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 1.3 கிராம்.

கடையில் சமையல் சோடா கேட்டு வாங்குங்கள். பேக்கிங் பவுடரில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும், அது தொட்டிக்குள் போகக் கூடாது. கேஹெச் கரைசலையும் கால்சியம் கரைசலையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஊற்றினால் வெள்ளைப் புகை கிளம்பும். அது கால்சியம் கார்பனேட். போட்ட காசு பம்ப்பிலும் ஹீட்டரிலும் சுண்ணாம்பாகப் படியும். அரை மணி இடைவெளி விட்டு, வேகமாக ஓடும் தண்ணீரில் ஊற்றுங்கள். குறைந்த கேஹெச்சை ஏற்றுவதானால் நாளுக்கு 0.5-க்கு மேல் வேண்டாம்.

எவ்வளவு ஊற்றினாலும் கேஹெச்சும் கால்சியமும் நிற்கவில்லையா? மக்னீசியத்தை அளங்கள். வளரும் கார்பனேட் படிகத்தின் மேல் மக்னீசியம் ஒட்டி, அது மேலும் வளராமல் தடுக்கிறது. 1100-க்குக் கீழே போனால் அந்தத் தடை தளர்ந்துவிடும்.

பிஹெச்சைத் துரத்துவது

இரவில் 7.9, மாலையில் 8.3 என்பது இயல்பு. கதவடைத்த ஏசி அறையில் மனிதர் விடும் கரியமில வாயுவே பிஹெச்சை இறக்கிவிடும். இதற்கு பிஹெச்சை ஏற்றும் பஃபர் பொடி போட்டால் பிஹெச் ஒரு நாளில் பழையபடி இறங்கும், கேஹெச் மட்டும் 12-இல் நிற்கும். ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரை மாடியில் வைத்து ஒரு மணி நேரம் ஏர் பம்ப் ஓட்டிப் பாருங்கள். பிஹெச் ஏறினால் குற்றவாளி அறைக் காற்று. நுரை கிளப்பிக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே இழுத்துவிடுங்கள்.

பிஹெச்சை ஏற்றச் சுண்ணாம்பு நீர் நல்ல வழிதான், ஆனால் அதன் பிஹெச் 12-க்கு மேல். தெளிந்த நீரை இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறைவுற்ற சுண்ணாம்பு நீர் 1 லிட்டர், 100 லிட்டரில் கேஹெச்சை 1-க்கு மேல் ஏற்றிவிடும். உணவுத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

பூஜ்யத்தைக் கொண்டாடுவது

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் என்றால் பவளம் பட்டினி கிடக்கிறது. காலியான இடத்தை டைனோஃபிளாஜெலேட் எனும் நுண்ணுயிர் பிடித்துக்கொள்ளும். கேஹெச் 10, 11 இருக்கும் தொட்டியில் இந்தப் பூஜ்யம் வந்தால்தான் நுனி கருகுவது அதிகம். ஹானா செக்கர் எனும் அளவுக் கருவியில் சில மாடல்கள் பாஸ்பரஸை பிபிபி-யில் (நூறு கோடியில் இத்தனை பங்கு) காட்டும். அதை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம் கிடைக்கும். 10 என்று வந்தால் 0.03, அதைப் பார்த்துப் பயந்து பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜிஎஃப்ஓ கொட்ட வேண்டியதில்லை.

ஏற்கெனவே கேஹெச்சை 12-க்கு ஏற்றிவிட்டவர்கள் அமிலம் ஊற்றி இறக்க முயல வேண்டாம். முதலில் புது ரீஏஜென்ட்டில் (சோதனைத் திரவம்) இன்னொரு முறை அளங்கள். உண்மை என்றால் கேஹெச் டோசிங்கை மட்டும் நிறுத்திவிட்டு, பவளங்களே குடித்து இறக்க விடுங்கள். தினமும் அளந்து, 8.5-க்கு வந்ததும் கணக்குப் போட்ட அளவில் மீண்டும் தொடங்குங்கள்.