பழைய டீசல் வேனில் டைமிங் செயின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை திருநள்ளாற்றுக்கும் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்கும் புதுச்சேரியிலிருந்து ஆளேற்றிப் போகும் பழைய டிராவலர் வேன்கள் பலவற்றில் மெர்சிடீஸ் ஓஎம் 616 வழிவந்த நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின்தான் இருக்கும். பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் ஷாப்ட்டிலிருந்து வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாப்ட்டை நேரம் தவறாமல் ஓட்ட இதற்கு டைமிங் பெல்ட் கிடையாது, இரட்டை வரிசை செயின். அது பட்டென்று அறுவது அபூர்வம். வருஷக்கணக்கில் சிறுகச் சிறுக நீளும். புல்லிங் குறையும், காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகும், புகை கூடும். ஓட்டுபவருக்கு அது பழகிப்போய்விடும்.

"அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள செயின மட்டும் மாத்திக் குடுங்க" என்று வண்டியை விடுவதில்தான் பாதித் தவறு தொடங்குகிறது. முதலில் செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். எஞ்சின் மேல்மூடியான டேப்பட் கவரைக் கழற்றி, கேம் ஷாப்ட் வாஷரில் இருக்கும் வெட்டை, ஷாப்ட்டைத் தாங்கும் டவரில் உள்ள கோட்டுக்கு நேராக நிறுத்தி, கீழே கிராங்க் புல்லியில் டிகிரி பாருங்கள். பூஜ்யத்திலிருந்து இரண்டு மூன்று டிகிரி தள்ளியிருந்தால் பயமில்லை. பத்தை நெருங்கினால் செயின் தன் காலத்தை முடித்துவிட்டது. கேமைச் சற்றே திருப்பி நிறுத்தும் ஆஃப்செட் கீ போட்டுக் கேம் டைமிங்கை நேராக்கலாம், ஆனால் செத்த செயினுக்கு அதைப் போடுவது நோயை மூடி வைப்பதுதான்.

அளக்கும்போது எஞ்சினை அது ஓடும் திசையில் மட்டுமே சுற்றுங்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் பின்னால் இழுக்கக் கூடாது. தொய்வு வேறு பக்கம் போய்க் கணக்குத் தப்பும். கிராங்க் இன்னும் இரண்டு சுற்று வரட்டும். கேம் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்றுவதும் வேண்டாம்.

பழைய செயினை வெட்டி, அதன் நுனியில் புதியதை இணைத்து உள்ளே உருட்டும் நேரம்தான் உண்மையான கண்டம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கிராங்கைச் சுற்ற, மற்றவர் பழைய செயினை வெளியே வாங்கிக்கொண்டே புதியது ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்) பல்லைவிட்டு எழாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு கணம் தொய்ந்து பல் தாவினால், டீசலில் டாப்புக்கு (உச்சிக்கு) வரும் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறைவு என்பதால், வால்வு இடித்து வளைந்துவிடும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷனை விட்டுவிட்டால் கை லேசாகச் சுற்றும், திடீரென்று துள்ளாது. எங்காவது இறுகி நின்றால் பலம் காட்டாதீர்கள், நிறுத்திப் பாருங்கள். வெட்டுவதற்கு முன்பே செயின் இறங்கும் பள்ளத்தைத் துணியால் அடைத்துவிட வேண்டும். ஒரு சின்ன பின் உள்ளே விழுந்தால் முன் கவரையே இறக்க நேரிடும்.

செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் அது உரசி ஓடும் கைடு ரெயிலையும் பழசாகவே விடுவது பொய்ச் சிக்கனம். பள்ளம் விழுந்த ரெயிலில் புதுச் செயின் நிற்காது. புது டென்ஷனரை ஆயிலில் அமுக்கி, காற்றுப் போக்கிவிட்டு மாட்டுங்கள். ஒரே பக்கம் மட்டும் நகர்ந்து பூட்டிக்கொள்ளும் ராட்செட் வகையாக இருந்தால் பாதி தளர்த்தி மறுபடி இறுக்கவே கூடாது. முழுதாகக் கழற்றி, ரீசெட் செய்துதான் போட வேண்டும்.

அதிகம் பேர் மறப்பது பம்பு டைமிங், அதாவது டீசலை பம்பு பீய்ச்சும் நேரம். டீசல் பம்பை ஓட்டுவதும் இதே செயின்தான். செயின் நீண்டபோது பம்பும் பின்தங்கியிருக்கும். அதை ஈடுகட்ட முன்பு யாராவது பம்பைத் திருப்பி முன்னே வைத்திருக்கலாம். இப்போது புதுச் செயின் ஏறியதும் டீசல் சீக்கிரமே இறங்கி எஞ்சின் 'டக் டக்' என்று அடிக்கும். ஜெர்மன் மூல எஞ்சினுக்கு டாப்புக்கு 24 டிகிரி முன்பு என்பது கணக்கு. உங்கள் வண்டியின் பம்புக்கு உரிய அளவைக் கையேட்டில் பார்த்து வையுங்கள், காதை நம்பி வைக்காதீர்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு செல்ஃப் அடிக்கும் முன் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, கோடுகள் சேர்கின்றனவா என்று மறுபடி பாருங்கள். புது ஆயிலும் ஃபில்டரும் அன்றைக்கே. முதல் ஸ்டார்ட்டில் டென்ஷனருக்கு ஆயில் ஏறும்வரை சில நொடி செயின் சலசலக்கும். அதற்கு மேலும் சத்தம் நிற்கவில்லையென்றால் ரேஸ் கொடுத்துப் பார்க்காமல் உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள்.