ஒரே தொட்டியில் இரண்டு வகைக் கெக்கோக்கள்: விடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வெவ்வேறு இனக் கெக்கோப் பல்லிகளை ஒரே கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விரும்புவோர், தொட்டியை வாங்குவதற்கு முன் இரண்டின் தேவைகளையும் ஒரு தாளில் அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும். பலரும் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட பாறை நிலங்களுக்கு உரியது. உண்டது செரிக்க, 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய கல்லின்மேல் வயிற்றை ஒட்டிப் படுத்துக் கிடக்கும். கிரெஸ்டட் கெக்கோவோ பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் ஈரமான காடுகளில் மரங்களில் வாழ்வது. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு 1994இல் மீண்டும் கண்டறியப்பட்ட இந்த இனத்துக்கு 22 முதல் 26 டிகிரியே போதும், 28 டிகிரிக்கு மேல் நீடித்தால் உடல்நலம் கெடும்.

தரையில் ஒன்றும் கிளையில் ஒன்றுமாக விட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஆனால் சூடு மேலே ஏறும், தெளித்த நீர் கீழே வடியும் என்பதால், குளிர்ச்சி வேண்டியதற்கு வெக்கையும் வறட்சி வேண்டியதற்கு ஈரமுமே வாய்க்கும்.

தட்பவெப்பத் தேவை ஒத்துப்போனாலும் சிக்கல் தீர்வதில்லை. அதே நியூ கலிடோனியாவைச் சேர்ந்த கார்காயில் கெக்கோ, தன் இனத்தின் வாலையே கடிக்கக்கூடியது. சிறிய பல்லிகளை விழுங்கவும் செய்யும். கிரெஸ்டட் கெக்கோவின் வால் ஒருமுறை அறுந்தால் மீண்டும் முளைக்காது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து கிரிப்டோஸ்போரிடியம் என்னும் குடல் ஒட்டுண்ணி. எச்சம் பட்ட இடத்தை நாவால் தொட்டுப் பார்க்கும் பல்லிக்கு அது எளிதில் தொற்றும். சாதாரண பிளீச்சிங் கரைசலுக்கு மசியாது, உறுதியான மருந்தும் இல்லை. லெப்பர்ட் கெக்கோவின் பருத்த வால் குச்சிபோல் மெலிந்தால் இந்தத் தொற்றையும் சந்தேகித்து எச்சத்தைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை இரண்டு தொட்டிகள்தான்: லெப்பர்ட் கெக்கோவுக்கு 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தாழ்வான தொட்டி. கிரெஸ்டட் கெக்கோவுக்கு 45 செ.மீ. சதுர அடிப்பரப்பும் 60 செ.மீ. உயரமும் கொண்டது. ஒரே அலமாரியில் வைப்பதானால் சூடேற்றும் தொட்டியை மேல்தட்டில் வையுங்கள். கீழே வைத்தால் அதன் வெக்கை மேலுள்ளதைத் தாக்கும்.

ஏற்கெனவே சேர்த்து வளர்ப்பவர்கள், சண்டையே இல்லையே என்று காத்திராமல் இன்றே பிரித்துவிடுவது நல்லது. ஒரு கெக்கோ மற்றதை ஒடுக்குவது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும், ஒன்று மறைவிடத்தை விட்டு வெளியே வராது, இரையை மற்றதே தின்றுவிடும். பிரித்த பின் குறைந்தது 60 நாள், தொட்டியில் மண்ணுக்குப் பதிலாகக் காகிதத் துண்டு விரித்து எச்சத்தைக் கவனித்து, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் எடை குறித்து வாருங்கள். இடுக்கியும் தண்ணீர்க் கிண்ணமும் தொட்டிக்கு ஒன்று தனியாக இருக்கட்டும். ஒரு தொட்டியில் தின்னாமல் விட்ட சிள்வண்டுகளை எடுத்து மற்றதில் போடாதீர்கள்.