ஓமன் போறீங்களா? வெள்ளிக்கிழமையை வைத்துத் திட்டம் போடுங்கள்

ஓமன் சுற்றுலாவுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரைதான் சரியான காலம். கோடையில் பாலைவனம் பக்கம் தலைகாட்ட முடியாது.

வியாழன் இரவே நிஸ்வா என்ற பழைய ஊருக்குப் போய்த் தங்கிவிடுங்கள். வெள்ளி காலை அங்கே ஆட்டுச் சந்தை. விடிந்ததும் போய்விட வேண்டும், வெயில் ஏறினால் கலைந்துவிடும். விற்பவர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்தபடி வட்டமாகச் சுற்றி வந்து விலை கூவுவார்கள். வாங்க வந்தவர் நிறுத்தி, பல்லைப் பார்த்து, மடியைத் தொட்டுப் பார்த்துப் பேரம் பேசுவார். பார்க்க அவ்வளவு அழகு! முகமூடி அணிந்த பெதுயின் (பாலைவன நாடோடி இனம்) பெண்களும் வருவார்கள். கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

அப்புறம் பக்கத்திலேயே ஃபலஜ் தாரிஸ். நிலத்தடி நீரை மோட்டாரே இல்லாமல், நிலத்தின் சாய்வை மட்டும் வைத்து ஊருக்குக் கொண்டுவரும் பழைய வாய்க்கால். 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஐந்து ஓமன் வாய்க்கால்களில் இதுவும் ஒன்று. தயவுசெய்து அவசியம் பாருங்கள், பலர் நிஸ்வா கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள்.

மதியம் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் ஷர்கியா பாலைவன மணல்மேடுகள். பாலைவன ஓரத்து ஊரான பிதியாவிலேயே, மணலில் புதையாமலிருக்க, டயர் காற்றைக் குறைத்துவிடுங்கள். மணலில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் நீங்கள் இரவு தங்கப்போகும் பாலைவன முகாம்காரர்களையே வந்து அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

காபி தந்தால் வலது கையால் வாங்குங்கள். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மறுநாள் காலையில் வாடி பனி காலித் பள்ளத்தாக்கின் சுனைகளில் குளிக்கலாம். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும்.