மைதா மூட்டை விலையை முன்கூட்டியே கணக்கிடுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி கடைக்காரர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மானாவாரி நிலங்களில் கேழ்வரகு செழிக்கும்; மில் ஓட்டும் அளவுக்குக் கோதுமை விளையாது. பேக்கரிக்கும் பரோட்டா கடைக்கும் வரும் மைதா வெளிச்சரக்குதான். அதனால் "வடக்கே ஏறிப்போச்சு" என்று டீலர் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு தாளும் கால்குலேட்டரும் இருந்தால் அந்தப் பேச்சைச் சரிபார்த்துவிடலாம். மில்லுக்கு வரும் கோதுமையின் விலை பெரும்பாலும் இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஓடும். கீழே மத்திய அரசின் கொள்முதல் விலை, மேலே கப்பலில் கொண்டுவந்தால் ஆகும் விலை.

மேல் எண்ணை முதலில் போடுங்கள். உலக விலைக்கு அளவுகோலாகப் பார்க்கப்படும் அமெரிக்காவின் சிகாகோ சந்தையில் கோதுமை விலையைப் புஷலுக்கு இத்தனை சென்ட் (100 சென்ட் ஒரு டாலர்) என்று சொல்வார்கள். ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு, அதாவது 27.2 கிலோ, டன்னுக்கு 36.74 புஷல். எனவே சென்ட் விலையை 0.3674 ஆல் பெருக்கினால் டன்னுக்கு எத்தனை டாலர் என்று வந்துவிடும். 550 சென்ட் என்றால் 202 டாலர்.

பலர் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, வெளிநாட்டில் கோதுமை சல்லிசு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சிகாகோ விலை அமெரிக்க மென்கோதுமைக்கானது, அதுவும் வரும் மாதங்களில் ஒப்படைக்க வேண்டிய சரக்குக்கான ஒப்பந்த விலை. நமக்கு ஆகும் கடினக் கோதுமைக்கும், அதைக் கப்பலில் ஏற்றும் செலவுக்கும் தனியாகக் கூட்ட வேண்டும். மாதிரிக்கு 28 டாலர் கூட்டினால் 230. கப்பல் வாடகை 34, காப்பீடு 1. நம் துறைமுகத்தில் 265 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் டன் 22,525 ரூபாய், குவிண்டால் 2,252. அதன்மேல் 40 சதவீத இறக்குமதி வரி 901. துறைமுகச் செலவு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை எல்லாம் சேர்த்து 250. ஆக, மில் வாசலில் ஏறத்தாழ 3,400 ரூபாய். இவை முறையைக் காட்ட எடுத்த எண்கள். அன்றன்றைய டாலர் விலையையும் கப்பல் வாடகையையும் நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கீழ் எண் எளிது. 2025-26 கொள்முதல் பருவத்துக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,425 ரூபாய். மண்டி வரி, கமிஷன், சாக்கு, தெற்கே வரும் வண்டிச் செலவு என்று 450 வைத்தால் 2,875. உள்நாட்டுச் சரக்கு 2,875-க்கும் 3,400-க்கும் நடுவில் இருக்கும்வரை கப்பல் பக்கம் எந்த மில்லும் திரும்பாது.

இந்தக் கணக்கில் உயிர்நாடி அந்த 40 சதவீதம். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். 3,400 அப்படியே 2,500-க்கு இறங்கி, வடக்கத்திச் சரக்கைவிடக் கப்பல் சரக்கு மலிவாகிவிடும். இது வெறும் கற்பனை இல்லை. 2016 டிசம்பரில் வரியை முழுதாக நீக்கினார்கள். அந்த நிதியாண்டில் 50 லட்சம் டன்னுக்கும் மேல் இறக்குமதியானது. ஆஸ்திரேலிய, உக்ரைன் கோதுமை தென்னக மில்களில் அரைபட்டது. பிறகு 2017 மார்ச்சில் 10, நவம்பரில் 20, 2018 மே மாதம் 30, 2019 ஏப்ரலில் 40 சதவீதம் என்று படிப்படியாக வரி ஏறியது. விலை உச்சத்தில் இருக்கும்போது "இன்னும் ஏறும்" என்று மூட்டைகளை அடுக்குவது ஆபத்து என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒரே அறிவிப்பில் மேல் எண் சரிந்தால் அடுக்கியவர் கைதான் சுடும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும், மார்ச்சில் சிகாகோ விலை 1,300 சென்ட்டைத் தாண்டியது. மேலே சொன்ன பெருக்கலில் டன் 478 டாலர், அன்றைய டாலர் மதிப்பில் குவிண்டால் 3,600 ரூபாய். நம் ஆதரவு விலையோ அப்போது 2,015. கோதுமை இங்கிருந்து வெளியே ஓடியது. அதே மார்ச்சில் அடித்த வெயிலில் வடக்கே மணி சுருங்கி, விளைச்சலும் குறைந்தது. மே 13-இல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

டாலர் கணக்கைச் சிறிதாக நினைக்காதீர்கள். இலங்கையில் கோதுமை விளைவதே இல்லை. 2022-இல் அங்கே ஒரு டாலர் சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360-க்குப் போனது. உலக விலை அசையாமல் நின்றிருந்தால்கூட அங்கே பாண் (ரொட்டி) விலை ஏறித்தான் இருக்கும். எகிப்தும் ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் வாங்கும் நாடு. அதில் பெரும்பங்கு கருங்கடல் வழியாக வருவது. இப்படிக் கப்பலை நம்பியிருக்கும் நாடுகளில் விலையைப் பெரும்பாலும் மேல் எண்தான் தீர்மானிக்கும்.

இனி கோதுமையிலிருந்து மூட்டைக்கு வருவோம். 100 கிலோ அரைத்தால் மைதா, ரவை, ஆட்டா சேர்ந்து சுமார் 75 கிலோ, தவிடு 23 கிலோ, மீதி சேதாரம். கோதுமை 3,000 ரூபாய், அரவைக்கும் சாக்குக்கும் 200, தவிடு கிலோ 24 வீதம் 552 ரூபாய் வரவு என்று வையுங்கள். 2,648-ஐ 75-ஆல் வகுத்தால் கிலோ 35.30, 50 கிலோ மூட்டை 1,765 ரூபாய். மைதாவும் ஆட்டாவும் ஒரே விலை விற்காது என்பதால் இது சராசரிதான், ஆனால் ஏற்ற இறக்கத்தை அளக்கப் போதும். மனதில் வைக்க வேண்டியது இரண்டு: கோதுமை குவிண்டாலுக்கு 100 ரூபாய் ஏறினால் மூட்டைக்கு 67 ரூபாய் ஏறலாம், தவிடு கிலோவுக்கு ஒரு ரூபாய் இறங்கினால் மூட்டைக்கு 15 ரூபாய் ஏறலாம். மழை பெய்து பசும்புல் கிடைக்கும் மாதங்களில் மாட்டுக்காரர்கள் தவிடு வாங்குவது குறையும். கோதுமை அசையாமலே மைதா ஏறுவதற்கு அது ஒரு காரணம்.

ஒரு கிலோ மைதாவில் 90 கிராம் உருண்டையாகப் போட்டால் 17, 18 பரோட்டா வரும். மைதா கிலோவுக்கு 4 ரூபாய் ஏறினாலும் பரோட்டாவுக்கு 23 பைசாதான். பில்லில் 2 ரூபாய் ஏற்றுவதற்கு முன் எண்ணெய்ச் செலவைப் பாருங்கள். சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்கிறோம். கோதுமையைவிடக் கப்பலை நம்பியிருப்பது அதுதான்.

வாங்கும் காலம்: சித்திரை, வைகாசியில் வடக்கே புதுச்சரக்கு மண்டிக்கு வரும். பொதுவாக விலை தணிவது அப்போதுதான். தை, மாசியில் கையிருப்பு வற்றி இறுகும். 2023 ஜூனில் செய்தது போல் கோதுமை வியாபாரிகளுக்கு இருப்பு வரம்பு விதித்தாலோ, இந்திய உணவுக் கழகம் மில்களுக்கு ஏலத்தில் கோதுமை விட்டாலோ, விலையை இறக்க அரசு முனைந்துவிட்டது என்று பொருள். அந்த வாரங்களில் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மற்ற நாளிலும் மூன்று, நான்கு வாரத் தேவைக்கு மேல் வேண்டாம். தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்த்திய மரச்சட்டத்தில், சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். சுவரோடு ஒட்டிய மூட்டை ஐப்பசி ஈரத்தில் கட்டிதட்டும், செவ்வண்டு பிடிக்கும்.

கோதுமை வரும் ஊர் மாறினால் மாவின் குணமும் மாறும். சாக்கில் அதே பெயர்தான் இருக்கும், ஆனால் வீசும்போது பரோட்டா கிழியும். புது லோடு வந்ததும் சோதித்துவிடுங்கள். 100 கிராம் மைதாவை 58 மில்லி தண்ணீரில் பிசைந்து, உருண்டையை அரை மணி நேரம் தண்ணீரில் மூழ்க வையுங்கள். பிறகு மெல்லிய துணிமேல் வைத்து, குழாயைச் சன்னமாகத் திறந்து, விரலால் அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். முதலில் பால் போல மாவுச்சத்து ஓடும். தண்ணீர் தெளிந்ததும் கையில் நிற்பது ரப்பர் போல இழுபடும் பசை. அதைப் பிழிந்து எடை போடுங்கள். 28 கிராமுக்கு மேல் இருந்து, இழுத்தால் அறாமல் நீண்டால் பரோட்டாவுக்கும் ரொட்டிக்கும் ஆகும். 25-க்குக் கீழ் என்றால் பிஸ்கட்டுக்கு ஒதுக்குங்கள். அல்லது பசை கூடிய மூட்டையோடு சரிபாதி கலந்து, தண்ணீரைக் கிலோவுக்கு 20, 30 மில்லி குறைத்துப் பிசையுங்கள்.