மூடிய கோல்ஃப் மைதானத்தில் ஆடலாமா? கயிற்றைத் தாண்டும் முன் பார்க்க வேண்டியவை

முதல் டீயில், அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்தில், கயிறு கட்டியிருக்கிறது. கொடிகள் அதனதன் இடத்தில் நிற்கின்றன, புல் பச்சையாக இருக்கிறது, கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. ஒரு ஒன்பது குழி ஆடிவிட்டு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் தோன்றும். அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடாமல் பதில் தேடுங்கள். எதற்காக மூடினார்கள் என்று தெரிந்தால்தான் நஷ்டம் யாருக்கு என்று தெரியும். ஒரு நாள் அது புல்லுக்கு, ஒரு நாள் அங்கே வேலை செய்கிறவருக்கு, ஒரு நாள் உங்கள் உயிருக்கே. கோல்ஃபில் பெரும்பாலும் நடுவர் பக்கத்தில் நிற்பதில்லை. தவறினால் தானே சொல்லி, தானே பெனால்டி போட்டுக்கொள்ள வேண்டும். அந்த நேர்மை முதல் டீயில் கட்டிய கயிற்றுக்கும் சேர்த்துத்தான்.

காரணத்தைக் கேட்பது எப்படி

வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே போன் செய்யுங்கள். மூன்று விஷயம் தெரிய வேண்டும். எது மூடியிருக்கிறது: முழு மைதானமா, ஒன்பது குழிகள் மட்டுமா, கிரீன்கள் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) மட்டுமா, பயிற்சித் திடலும் சேர்த்தா? எதனால்? திறக்கலாம் என்று முடிவு செய்கிறவர் யார்?

மூன்றாவது கேள்விதான் அதிகம் தவறவிடப்படுவது. அனுமதி தரக்கூடியவர் மைதானப் பராமரிப்புக்குப் பொறுப்பான சூப்பரிண்டெண்டெண்ட், அல்லது கிளப் மேலாளர். வாசல் காவலரோ, பை தூக்கும் கேடியோ, கிளப் கடையான புரோ ஷாப்பில் அந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கும் பையனோ "போங்க சார், பரவாயில்லை" என்றால் அது அனுமதி ஆகாது. கையில் பணம் வைத்து அந்தப் "பரவாயில்லை"யை வாங்குவது இன்னும் மோசம். விஷயம் வெளியே வந்தால் உங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், அவருக்கு வேலை போகும்.

"நான் மெம்பர், சந்தா கட்டியிருக்கிறேன்" என்ற வாதமும் அடிக்கடி வரும். சந்தா கட்டியவர் நீங்கள் மட்டும் இல்லை. மைதானத்தை நல்ல நிலையில் வைத்திருக்கத்தான் எல்லாரும் கட்டுகிறார்கள். அதைக் கெடுக்கும் உரிமை அதில் வராது.

உறைபனி

குளிர்ப் பகுதிகளில் அதிகச் சண்டை நடப்பது இதற்காகத்தான். ஏழு மணிக்கு டீ டைம் (ஆட்டம் தொடங்க ஒதுக்கிய நேரம்), எட்டரைக்கும் கயிறு அவிழவில்லை என்றால் பொறுமை போய்விடும்.

கிரீனில் புல்லை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருக்கிறார்கள். உறைபனி விழுந்த காலையில் அந்தச் சின்ன இலைக்குள் இருக்கும் நீரும் உறைந்திருக்கும். கால் வைத்தால் நொறுங்கும் சத்தம் கேட்கும். உள்ளே இருக்கும் பனித்துகள்கள் செல் சுவரைக் கிழிக்கும் நேரம் அது. அந்த நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. வெயில் ஏறி பனி உருகியதும் கிரீன் பழையபடி பச்சையாக நிற்கும், "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லத் தோன்றும். ஓரிரு நாளில் அதே இடம் கருத்து, பிறகு வைக்கோல் நிறமாகும். ஷூ எண் சொல்லிவிடலாம் போல, குதிகாலும் முன்பாதமும் தனித்தனியாகப் பதிந்திருக்கும். குளிரில் புல் மெதுவாகத்தான் வளரும் என்பதால் அந்தத் தடம் மறையப் பல வாரம் பிடிக்கும். நான்கு பேர் ஒரு கிரீனை ஆடி முடிக்கும்போது அதன் மேல் சில நூறு காலடிகள் விழுகின்றன. அதைப் பதினெட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதில் பலரும் ஏமாறும் இடங்கள் சில உண்டு.

விடிந்துவிட்டதே, இனி உருகத்தானே செய்யும் என்ற கணக்கு தப்பு. சூரியன் எழுந்த சற்று நேரத்தில்தான் தரையருகே வெப்பம் அன்றைய அடிமட்டத்தைத் தொடும். ஆறு மணிக்கு வெறும் பனித்துளியாக இருந்தது ஆறரைக்கு உறைபனி ஆகலாம். முதல் கிரீன் வெயிலில் இருக்கலாம், பதினோராவது மரநிழலில் இருக்கலாம். கடைசி நிழல் கிரீன் தெளியும் வரை காத்திருந்துதான் திறப்பார்கள். நீங்கள் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று, மேலே உருகி அடியில் உறைந்திருக்கும் நிலை. நீண்ட குளிருக்குப் பிறகு மேல்மண் ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இளகும். நடந்தால் அந்த மேல்தட்டு அடியில் இருக்கும் உறைந்த மண்ணின் மேல் வழுக்கும், நடுவில் மாட்டிய வேர்கள் அறுந்துவிடும். கண்ணுக்குப் பனியே தெரியாத நாள் இது. அதனால்தான் "இன்றைக்கு எதற்கு மூடினார்கள்?" என்ற கோபமும் அன்றைக்கே அதிகம்.

செய்யக்கூடியது: குளிர்காலத்தில் முதல் டீ டைமை எடுக்காதீர்கள், தள்ளி எடுங்கள். ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவில் உள்ள புல்வெளியில்) தற்காலிக கிரீன் வெட்டியிருந்தால் அதில் ஆடுங்கள். அங்கிருந்து உண்மையான கிரீனின் ஓரமாகக்கூடக் குறுக்கே நடக்காதீர்கள்.

நீர் தேங்கிய நாள்

மழை நின்ற பிறகும் மூடியே இருப்பது ஏன்? மண்ணின் துளைகளில் காற்றுக்குப் பதில் நீர் நிற்கும்போது பாரம் ஏறினால் அந்தத் துளைகள் நசுங்கி மூடிக்கொள்ளும். பிறகு நீரும் இறங்காது, வேருக்குக் காற்றும் கிடைக்காது. இரண்டு பேரும் பைகளும் ஏறிய கோல்ஃப் வண்டி அரை டன்னைத் தொடும். ஈர மண்ணில் அது போட்ட பள்ளத்தைச் சரிசெய்ய மண்ணைக் கிளறி, நிரப்பி, விதைக்க வேண்டியிருக்கும். நடந்து மட்டும் ஆட அனுமதித்திருந்தால் பையைத் தோளில் போடுங்கள். "வெறும் டிராலிதானே" என்று இழுத்துப் போகாதீர்கள். மெல்லிய சக்கரம் ஈரத்தில் கத்தி போல இறங்கும்.

துளையிட்ட கிரீன், விதைத்த டீ, மருந்து அடித்த ஃபேர்வே

இறுகிய மண்ணைத் தளர்த்த, வெற்றுக் குழாய் போன்ற முனைகளால் கிரீனில் ஆயிரக்கணக்கில் மண் உருளைகளைப் பிடுங்கி எடுத்து, மேலே மணல் தூவி நிரப்புவார்கள். மணல் அமர்வதற்கு முன் நடந்தால் கிரீன் மேடு பள்ளமாகவே அமரும். விதைத்த இடத்தில் முளை ஊசி நூல் போல இருக்கும். மிதித்தால் அதோடு சரி, திரும்ப எழாது.

மருந்து அடித்த நாள் வேறு ரகம். எவ்வளவு நேரம் உள்ளே போகக்கூடாது என்பது அந்த மருந்தின் லேபிளில் எழுதியிருக்கும். சிலவற்றுக்கு அடித்தது காயும் வரை, சிலவற்றுக்குப் பல மணி நேரம். புல்லில் உருண்ட பந்தை நாக்கால் ஈரப்படுத்தித் துடைப்பது, பந்தை ஏற்றி வைக்கும் டீ குச்சியைப் பல்லில் கடித்துக்கொள்வது ஆகிய இரண்டு பழக்கங்களும் எந்த நாளிலும் வேண்டாம், இந்த நாளில் கண்டிப்பாக வேண்டாம். களைக்கொல்லி என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஷூ அடியில் ஒட்டிய மருந்து அடுத்த கிரீனுக்குப் போகும். சில நாளில் அங்கே காலடி வடிவத்திலேயே புல் செத்துக் கிடக்கும்.

வேலை செய்கிறவர்கள்

பராமரிப்பு நாள் என்று மூடியிருந்தால், ஆட்கள் வரமாட்டார்கள் என்று நம்பி உள்ளே வேலை நடக்கிறது. புல்வெட்டும் இயந்திரத்தில் இருப்பவர் காதுக்கவசம் போட்டிருப்பார். பந்து வருகிறது என்று எச்சரிக்க நீங்கள் எவ்வளவு கத்தி "ஃபோர்!" என்றாலும் கேட்காது. குழியை இடம் மாற்றுகிறவர் கிரீனில் குனிந்து, ஃபேர்வேக்கு முதுகு காட்டி நிற்பார். டிரைவரில், அதாவது மிகத் தூரம் அடிக்கும் மட்டையில், அடித்த பந்து காற்றில் ஏறக்குறைய ஆறு விநாடிதான் இருக்கும். நீங்கள் பதறி, கத்தி, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்கு விதிவிலக்கே கிடையாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பொறுப்பாளர் அனுமதி தந்த நாளிலும், இயந்திரத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்துக் கையசைக்கும் வரை கிளப்பை (மட்டையை) பையிலிருந்து எடுக்க வேண்டாம்.

மாலையில் கடைசி டீ டைமுக்குப் பிறகு நுழைகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இருட்டியதும் நீர்த்தெளிப்பான்கள் தானாகத் தரையிலிருந்து எழும்பும். அந்த அழுத்தத்தில் முகத்தில் அடித்தால் காயம்தான். கிரீன் ஃபீ (ஆட்டக் கட்டணம்) கட்டாமல் ஆடுவது என்ன என்பதற்கு விளக்கம் தேவையில்லை, அதற்குத் திருட்டு என்றுதான் பெயர்.

மின்னல்

இங்கே நேரடி விதியே இருக்கிறது. கோல்ஃப் விதி 5.7-ன்படி நீண்ட ஒற்றைச் சங்கொலி கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். இன்னொரு அடிகூட அடிக்கக்கூடாது. போட்டியில் அதை மீறினால் தகுதி நீக்கம். தொடங்கிய குழியை முடித்துக்கொள்ளும் சலுகை, மூன்று தொடர் ஒலி வரும் சாதாரண நிறுத்தத்துக்கு மட்டும்தான். திரும்ப ஆடலாம் என்பதற்கு இரண்டு குறுகிய ஒலி. சங்கு இல்லாத இடத்தில் கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் காத்திருங்கள். 1975-இல் வெஸ்டர்ன் ஓப்பன் போட்டியில் லீ ட்ரெவினோ உட்பட மூன்று முன்னணி ஆட்டக்காரர்களை மின்னல் தாக்கியது. தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

போட்டிக்காக மூடியிருந்தால்

ஸ்ட்ரோக் பிளே (மொத்த அடிகளை எண்ணும்) போட்டி நாளில், உங்கள் சுற்றுக்கு முன் விடியலில் போய் அதே மைதானத்தில் அடித்துப் பழகுவது விதி 5.2-க்கு எதிரானது. முதல் மீறலுக்கு முதல் குழியில் இரண்டு அடி பெனால்டி, இரண்டாவதற்குத் தகுதி நீக்கம். மூடிய மைதானத்தில் ஆடிய ஸ்கோரை ஹேண்டிகேப்புக்கும் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) போடாதீர்கள். ஆடும் பருவத்தில், வழக்கமான நிலையில் இருக்கும் மைதானத்தில், இன்னொருவர் உடனிருக்க ஆடிய சுற்றுக்கே உலக ஹேண்டிகேப் முறையில் இடம் உண்டு.

ஓய்வுக்காக மூடுவதும் காரணம்தான். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் இல்லை. ஊர்க்காரர்கள் நாயோடு நடக்கிறார்கள். உங்கள் மைதானமும் நடக்க அனுமதித்தால் கிளப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கிரீன்களின் சரிவை ஓரத்திலிருந்து பார்த்துக் குறித்துக்கொள்ள அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

நிரந்தரமாக மூடிய மைதானம்

கிளப் போனாலும் நிலத்துக்கு உரிமையாளர் இருக்கிறார். அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறகு முதல் தடவை மட்டை இல்லாமல், தடி ஊன்றி நடந்து பாருங்கள். வளர்ந்த புல்லுக்குள் மூடி தொலைந்த வால்வுக் குழிகள் இருக்கும், தரையில் கூடு கட்டிய பறவைகள் இருக்கும். சாலையோரத் தடுப்பு வலைகளைக் கழற்றியிருப்பார்கள் என்பதால் டிரைவர் வேண்டாம், குறைந்த தூரம் அடிக்கும் குட்டை அயர்ன் மட்டைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடித்த பந்தை எண்ணி, அத்தனையையும் எடுத்துக்கொண்டு திரும்புங்கள்.

ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள் என்றால்

உடனே நிறுத்துங்கள். கிரீனில் நின்றால், வந்த தடத்திலேயே கால் வைத்து வெளியேறுங்கள். புதுத் தடம் போடாதீர்கள். உறைந்த கிரீனில் பிட்ச் மார்க்கை (பந்து விழுந்த பள்ளத்தை) சரிசெய்ய முயலாதீர்கள், உறைந்த புல்லைக் கிளறினால் கிழியும். அன்றைக்கே சூப்பரிண்டெண்டெண்டிடம் போய் எந்தெந்த கிரீன், எத்தனை மணி, எத்தனை பேர் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அந்தக் கிரீனில் வெட்டும் உயரத்தைக் கூட்டவும், குழியை மிதிபட்ட பகுதியிலிருந்து தள்ளி வைக்கவும் அவருக்கு அவகாசம் கிடைக்கும். சொல்லாவிட்டால் இரண்டு நாள் கழித்து வைக்கோல் நிறத் தடம் தெரியும்போது அவர் நோய் என்று நினைத்துப் பூஞ்சை மருந்து தேடிக்கொண்டிருப்பார்.