கைப்பிடி சுற்றிச் சுட்ட துப்பாக்கிகள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவ வரலாறு எழுதப் புதிதாக வருகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. ஆண்டோ பெயரோ மாறியிருந்தால் ஒரு கோடு போட்டுத் திருத்திவிடலாம். கைப்பிடி சுற்றிச் சுட்ட பழைய துப்பாக்கிகளைப் பற்றிக் கீழே சொல்லும் தவறுகள் அப்படியல்ல.

கேட்லிங்கை மாக்சிமோடு குழப்புவது

சுழலும் பல குழல்கள் கொண்ட, 1862-இல் காப்புரிமை பெற்ற கேட்லிங் துப்பாக்கி, ஆள் கைப்பிடியைச் சுற்றும் வரைதான் சுடும். தன் பின்னுதைப்பாலேயே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்ட மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி 1880-களில் வந்தது.

எல்லாக் குழல்களையும் சுழலவிடுவது

கேட்லிங்கில் குழல்கள் சுழலும். கார்ட்னர் என்ற துப்பாக்கியில் சுழலாது. நார்டன்ஃபெல்ட் துப்பாக்கியிலும் சுழலாது.

"உதவாக்கரை" மித்ராயூஸ்

மித்ராயூஸ் பிரான்ஸின் பல குழல் துப்பாக்கி. அதைப் பற்றி இப்படி எழுதியதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். "1870-இல் பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்றதற்கு இந்த உதவாக்கரை ஆயுதமும் காரணம், இயந்திரத் துப்பாக்கியைப் பீரங்கி என்று நினைத்துவிட்டார்கள், முட்டாள்கள்." ஒருவர் முழுக் கட்டுரையையும் இதன் மேலேயே கட்டி அனுப்பினார். திருத்தி முடித்தபோது ஒரு பத்திகூட மிஞ்சவில்லை.

ரெஃபி என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி வடிவமைத்த மித்ராயூஸில் ஒரே வெண்கல உறைக்குள் 25 குழல்கள், ஐந்து வரிசையில் அசையாமல் இருக்கும். 25 தோட்டா செருகிய தகட்டைப் பின்பக்கம் வைத்து இறுக்கிக் கைப்பிடியைச் சுற்றினால் ஒவ்வொன்றாக வெடிக்கும். அப்புறம் அடுத்த தகடு. பீரங்கியின் சிதறுகுண்டு சுமார் 500 மீட்டருக்கு மேல் பயன்படாது. அதைத் தாண்டிய தூரத்துக்கு என்றே இதைச் செய்தார்கள். ஆறாறாகப் பீரங்கிப் படையிடம் போனதில் ஆச்சரியமே இல்லை.

கோளாறு வேறு இடத்தில். ரகசியம் காக்கிறேன் என்று வீரர்களுக்கே சரியாகப் பழக்காமல் விட்டார்கள். தொலைவில் திறந்தவெளியில் நிறுத்தியபோது பிரஷ்யாவின் குருப் பீரங்கிகள் எட்டி அடித்தன. குண்டுகளும் அகலமாகப் பரவாது, ஒரே ஆள்மேல் பல பாயும். ஆனால் அதே போரில், கிராவலோட் சண்டையில் கிட்டே வந்த பிரஷ்யக் காலாட்படையை இதே மித்ராயூஸ் சின்னாபின்னமாக்கியது. அதை ஒருவரும் எழுதுவதில்லை!

துப்பாக்கி சிக்கி நின்றால் பொறிமேல் பழி

1885 ஜனவரி, சூடானின் அபு கிளியா. சண்டை உச்சத்தில் இருக்கும்போது பிரிட்டிஷ் கடற்படையினரின் கார்ட்னர் நின்றுவிட்டது. காலித் தோட்டாவை இழுக்கும் கொக்கி அதன் அடிப்பாகத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு வர, மீதி குழலுக்குள்ளேயே தங்கிவிட்டது. அன்று பல வீரர்களின் மார்ட்டினி ஹென்றி ரைஃபிள்களும் சிக்கின. அவற்றில் கைப்பிடியும் இல்லை, பல குழல்களும் இல்லை. சுருட்டிய பித்தளைத் தகட்டுத் தோட்டாதான் இருந்தது. பழியைப் பொறிமேல் போடும் முன் தோட்டாவைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள்.

"கஸ்டர் கேட்லிங்கைக் கொண்டுபோயிருந்தால்..."

1876-இல் லிட்டில் பிக்ஹார்னில் பூர்வகுடிகளிடம் தோற்று மாண்ட அமெரிக்கக் குதிரைப்படைத் தளபதி கஸ்டர், அதைக் கொண்டுபோயிருந்தால் ஜெயித்திருப்பார் என்பார்கள். ஆனால் அதை இழுக்கக் கொடுத்திருந்தவை குதிரைப்படை கழித்துக்கட்டிய குதிரைகள். அவரோடு வேகமாகப் போக அவற்றால் முடிந்திருக்காது.